எழுதி அழித்த சுவர்

கொளஞ்சி தன் முப்பத்தோரு வருஷ உத்தியோகத்தில் செய்த பெரிய தப்பு ஒன்றே ஒன்றுதான். அதையும் மறைந்து நின்று செய்யவில்லை. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, பட்டப்பகலில், வேலை நேரத்தில் செய்தார். அரசாங்கத்துக்காகவே செய்தார் என்பதுதான் கொடுமை.

கீழக்கல்மேடு, அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற பாதையில் இருக்கும் சின்னப் பேரூராட்சி. பதினைந்து வார்டு, ஒரு வாரச்சந்தை, ஒரு தண்ணீர்த் தொட்டி. ஊரின் பாதி சாம்பல் நிறமாக இருக்கும். சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகள் அதைப் பார்த்துக்கொள்கின்றன. அங்கே கொளஞ்சி துப்புரவு மேற்பார்வையாளர். ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கி. ஊரில் எல்லோரும் அவரை சூப்பர்வைசர் என்றுதான் கூப்பிடுவார்கள். கைநீட்டி யாரிடமும் காசு வாங்காதவர் என்ற பெயர் அவருக்கு உண்டு. அந்தப் பெயரைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்திருந்தார்.

சட்டமன்றத் தேர்தல் தேதி அறிவித்த அன்று சாயங்காலமே உத்தரவு வந்துவிட்டது. அரசுக் கட்டடங்களில் உள்ள கட்சி எழுத்துகளை இருபத்துநாலு மணி நேரத்தில் அழிக்க வேண்டும். பொது இடங்களுக்கு நாற்பத்தெட்டு மணி நேரம், தனியார் சுவர்களுக்கு எழுபத்திரண்டு. ஒவ்வொரு சுவருக்கும் இரண்டு போட்டோ வேண்டும். அழிப்பதற்கு முன் ஒன்று, அழித்த பின் ஒன்று. இரண்டையும் மாவட்ட வாட்ஸப் குழுவில் போட வேண்டும்.

கொளஞ்சியிடம் இரண்டு பேர் இருந்தார்கள். சுண்ணாம்பு மட்டை பிடிக்க வேணி. வாளி தூக்க, போட்டோ எடுக்க ஜெயப்பிரகாஷ். ஜெயப்பிரகாஷ் தண்ணீர் மோட்டார் போடுகிற தற்காலிகப் பணியாளன். எழுத்து மட்டும் அச்சில் வார்த்தது மாதிரி இருக்கும். தண்ணீர்த் தொட்டியில் ‘குளோரின் கலந்த நாள்’ என்று தேதி போடுவது அவன்தான். மூன்று பேரும் மூன்று நாளில் ஊரையே வெள்ளையடித்துவிட்டார்கள். வேகம் தாங்காமல் அரிசி மில் சுவரில் இருந்த ‘நாய்கள் ஜாக்கிரதை’யும் போயிற்று. மில்காரர் வந்து, எங்கள் வீட்டு நாய் எந்தக் கட்சி என்று கேட்டுவிட்டுப் போனார்.

நாலாம் நாள் அழிக்க எழுத்து இல்லை. அங்கேதான் வினை ஆரம்பித்தது. மற்ற ஊர்கள் குழுவில் ஐம்பது, அறுபது என்று போட்டுக்கொண்டிருந்தன. கீழக்கல்மேட்டுக்கு நேராகப் பூஜ்யம். செயல் அலுவலர் மேகலா தேர்வெழுதி வந்த சின்னப் பெண். இதுதான் முதல் ஊர். சாயங்கால வீடியோக் கூட்டத்தில் அவரை நிற்க வைத்துக் கேட்டார்கள். எல்லாம் அழித்தாகிவிட்டது என்று சொல்லிப் பார்த்தார். அப்படியானால் இன்றைக்கு என்ன வேலை செய்தீர்கள் என்றார்கள். வேலையை முடித்தவனுக்குத்தான் நம் ஊரில் திட்டு. இழுத்துக்கொண்டே போகிறவனுக்கு ஒரு குறையும் கிடையாது.

கூட்டம் முடிந்து மேகலா கண்ணைத் துடைத்துக்கொண்டதைக் கொளஞ்சி பார்த்துவிட்டார். அவருக்கு மனசு பொறுக்கவில்லை. அதோடு முப்பத்தோரு வருஷத்தில் தன் பெயருக்கு நேராகப் பூஜ்யம் விழுந்ததும் பொறுக்கவில்லை. எது அதிகம் பொறுக்கவில்லை என்று பின்னால் பலமுறை யோசித்திருக்கிறார். விடை அவருக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் சந்தைச் சுவருக்குப் போய் ஜெயப்பிரகாஷிடம் ஒரு கட்சி வரி எழுதச் சொன்னார். அவன் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. நீலப் பொடியைப் பசை சேர்க்காமல் வெறும் தண்ணீரில் கரைத்தால் ஒரே இழுப்பில் போய்விடும் என்று யோசனையும் சொல்லிக் கொடுத்தார். அவன் எழுதினான், படம் எடுத்தான், வேணி அழித்தாள், மறுபடி படம் எடுத்தான். மூன்று நிமிஷம். அன்றைக்குப் பன்னிரண்டு சுவர் ஆயிற்று. ஒரு சுவரில் ஒரு கட்சி, அடுத்த சுவரில் எதிர்க்கட்சி என்று மாற்றி மாற்றி எழுத வைத்தார். நடுநிலை தவறக் கூடாதாம்!

மூன்று நாள் இப்படி ஓடியது. குழுவில் யாரோ கைதட்டும் படம்கூடப் போட்டார்கள். நாலாம் நாள் கொளஞ்சிக்குத் தொழில் நேர்த்தி பிடித்துக்கொண்டது. சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்து, இது உண்மையான எழுத்து மாதிரி இல்லை என்றார். எந்தக் கட்சிக்காரன் ‘இவண்’ என்று கீழே தன் பெயரைப் போடாமல் சுவர் எழுதியிருக்கிறான்? தலைவர் பெயர் சின்னதாக இருந்தாலும் இருக்கும், எழுதியவன் பெயர் பெரிதாக இருக்கும். அது இல்லையென்றால் பார்க்கிறவன் சந்தேகப்படுவான்.

யார் பெயரைப் போடுவது என்று ஜெயப்பிரகாஷ் கேட்டான். பக்கத்தில் வேணி ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். இறந்தவரின் முகமும் ஊரும் ஏற்கெனவே போய்விட்டன. அடியில் ஒரு கீற்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. ‘ஆழ்ந்த துயரத்துடன், மகன் தமிழழகன்.’ சுற்றுப்பட்டு ஊர்களில் செத்தவர்களின் போஸ்டரெல்லாம் சந்தைச் சுவரில் ஒட்டுவது வழக்கம்; இது யாரோ, எந்த ஊரோ என்று கொளஞ்சி நினைத்தார். பெயர் கட்சிக்குப் பொருத்தமாக இருந்தது.

“தமிழழகன்னு போடு” என்றார்.

அதன்படி, ‘சிங்காரவேலு அவர்களுக்கு நீர்க்குடம் சின்னத்தில் வாக்களிப்பீர். இவண், தமிழழகன்’ என்ற அழகான எழுத்து சந்தைச் சுவரில் மூன்று நிமிஷம் வாழ்ந்தது. போட்டோவில் இன்னும் வாழ்கிறது.

இரண்டு நாள் கழித்து மேலே இருந்து அடுத்த கேள்வி வந்தது. இத்தனை சுவர் அழித்தீர்களே, எத்தனை வழக்கு போட்டீர்கள்? மேகலா படங்களைத் தேடினார். முதலில் அழித்தவை தேர்தல் தேதி அறிவிக்கும் முன்பே எழுதியவை, அவற்றுக்கு வழக்கு நிற்காது. அதன் பிறகு எடுத்ததில் எழுதியவர் பெயர் தெரிகிற படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. புகார் தயாராயிற்று. நேரில் பார்த்த அலுவலர் என்ற இடத்தில் கொளஞ்சி கையெழுத்துப் போட வேண்டும். அவர் படித்துப் பார்த்துத்தான் போட்டார். அவன் எந்த ஊரோ, போலீஸ் தேடிப் பார்த்துவிட்டுக் கிடைக்கவில்லை என்று எழுதிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பேனாவை மூடும்போது கை கூசியது. கூசியதோடு சரி.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். கொளஞ்சி அவ்வளவு கெட்டிக்காரர் இல்லை. ஆறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் அம்மாளும் ஒரு வாலிபனும் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அவள் கலியம்மாள், ஒன்பதாவது வார்டுக் கடைசியில் குடியிருப்பவள்; வெங்காயக் காட்டு வேலைக்குப் போகிறவள். பையன்தான் தமிழழகன். மாசி மாதம் தகப்பன் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே ஊர்.

கலியம்மாள் பேசினாள். பையன் போலீஸ் வேலைக்கு எழுதித் தேறி, திருச்சியில் ஓட்டம் ஓடி, கயிறு ஏறி, டாக்டர் பரிசோதனையும் முடிந்துவிட்டது. இனி உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து இவன்மேல் வழக்கு எதுவும் இல்லை என்று ஒரு காகிதம் போனால் போதும், வேலை. அந்த ஸ்டேஷனிலேயே இப்போது இவன்மேல் வழக்கு. இவன் எந்தக் கட்சியிலும் இல்லை. கையில் பிரஷ் பிடித்தவனும் இல்லை.

“நீங்க நேர்ல பாத்ததா எழுதியிருக்குங்களாம். எம்மவன் எழுதினதையாங்க பாத்தீங்க?” என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“செவுத்துல பேரு இருந்துச்சும்மா. அதைத்தான் பாத்தேன்” என்றார் கொளஞ்சி. அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அதுதான் அவரை அன்று இரவெல்லாம் குடைந்தது. பொய்யே சொல்லாமல் இவ்வளவு கேவலமாக இருக்க முடியும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

பையன் ஓர் அடி முன்னால் வந்தான். “சந்தைச் செவுத்துல எங்கப்பா போஸ்டர் ஒட்டியிருந்துச்சு சார். அதைக் கிழிச்சது நீங்கதானா?” என்றான்.

தேர்தல் முடிகிறவரைக்கும் எந்தப் போஸ்டரும் இருக்கக் கூடாது என்று விதி, என்றார் கொளஞ்சி. “அதுல கடைசியா எம்பேரு இருந்துச்சு சார்” என்றான் தமிழழகன், அவர் முகத்தைப் பார்த்தபடி.

அந்த நேரம் பார்த்து நீர்க்குடம் கட்சியின் கிளைச் செயலாளர் அய்யம்பெருமாள் வந்து சேர்ந்தார். இப்படி ஒரு தொண்டன் தன் வார்டில் இருப்பது தனக்கே தெரியாமல் போயிற்றே என்று அவருக்கு ஒரே பூரிப்பு. தப்பை ஒத்துக்கொண்டால் சின்ன அபராதம், அதைக் கட்சியே கட்டும், வருகிற மாதம் இளைஞரணியில் பொறுப்பும் உண்டு என்றார். கட்சிக்காக எழுதியவன் எழுதவில்லை என்று சொல்வது தன்னடக்கம் என்று அவர் எடுத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டால் போலீஸ் வேலை அத்தோடு போயிற்று என்று கலியம்மாள் அழுதாள். போகும்போது ஒரு பை சின்ன வெங்காயத்தை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். கொளஞ்சி வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். பிறகு பையை எடுத்து உள்ளே வைத்தார். யாரிடமும் எதுவும் வாங்காத மனிதர்!

அந்த வெங்காயத்தில் அவர் மனைவி ஜெயசித்ரா சாம்பார் வைத்தாள். ஊரெல்லாம் மணத்தது. கொளஞ்சி மோர் மட்டும் ஊற்றிக்கொண்டார். வயிறு சரியில்லை என்று எழுந்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை மேகலாவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பெண் கோபப்படுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தார். மேகலா போனை எடுத்து அந்தப் போட்டோவைத் திறந்து பார்த்தார்.

“நீலம் ஈரமா பளபளன்னு இருந்துச்சு சார், போட்டோவுல. நான் கேக்கல” என்றார் கடைசியில்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பிறகு மேகலா மெதுவாக எடுத்துச் சொன்னார். இதை வெளியே சொன்னால் கொளஞ்சிக்கு சஸ்பென்ஷன், ஓய்வூதியம் இழுபறி. ஜெயப்பிரகாஷுக்கு அன்றைக்கே சீட்டுக் கிழியும். தேர்தல் முடிந்தால் இந்த மாதிரி வழக்கெல்லாம் தானாக அமுங்கிவிடும். ஆனால் பையனுடைய காகிதம் இந்த வாரமே போக வேண்டும் என்றார் கொளஞ்சி.

வெளியே வந்தபோது ஜெயப்பிரகாஷும் வேணியும் மோட்டார் அறை வாசலில் நின்றிருந்தார்கள். விஷயம் அவர்கள் காதுக்கும் போயிருந்தது. ஜெயப்பிரகாஷின் மனைவிக்கு ஒன்பது மாதம். அவன் வாளியின் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தான். கொளஞ்சி அவன் தோளைத் தொட்டுவிட்டு நேராக ஸ்டேஷனுக்கு நடந்தார். சைக்கிள் இருந்தும் நடந்தார். சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்றுதான்.

சப் இன்ஸ்பெக்டர் சிவசுப்பிரமணியன் உட்காரச் சொன்னார். கொளஞ்சி நின்றுகொண்டே சொன்னார். கணக்குக் காட்டுவதற்காகச் சுவர் எழுத்துக்கு ஏற்பாடு செய்தது தான்தான், போஸ்டரில் இருந்த பெயரை எடுத்துப் போட்டதும் தான்தான், அந்தப் பையனுக்கு இதில் சம்பந்தமே இல்லை.

“நீங்களே பிரஷ் எடுத்து எழுதினீங்களா?”

“நானேதாங்க.”

மொத்த வாக்குமூலத்தில் அந்த ஒரு வார்த்தைதான் பொய். ஜெயப்பிரகாஷுக்காகச் சொன்ன பொய். அந்த ஒரு பொய் மற்ற உண்மையையெல்லாம் தின்றுவிட்டது.

சப் இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளி, சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். கொளஞ்சியின் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். அவர் எழுதும் வருகைப் பதிவேட்டை அவரே சில நாள் கழித்துப் படிக்க முடியாது. சப் இன்ஸ்பெக்டர் தாளைப் பார்த்தார். வழக்குக் கட்டில் இருந்த போட்டோவைப் பார்த்தார். அச்சு வார்த்த மாதிரி எழுத்து. மறுபடி கொளஞ்சியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் திடீரென்று ஒரு மரியாதை வந்ததைக் கொளஞ்சி பார்த்தார். ஏன் என்று விளங்கவில்லை.

“பொய்ப் புகார் கொடுத்ததா உங்க மேலதான் வரும். தெரியும்ல?”

“தெரியுங்க.”

“அந்தப் பையன் உங்களுக்குச் சொந்தமா?”

“இல்லீங்க.”

சிவசுப்பிரமணியன் எழுந்து நின்று கைகொடுத்தார். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு போலீஸ் அதிகாரி அவருக்குக் கைகொடுத்தது அதுதான் முதல் தடவை. விஷயம் என்னவென்று நாலு நாள் கழித்துத்தான் அவருக்குப் புரிந்தது. சூப்பர்வைசர் அந்த விதவை வீட்டுப் பையனுக்காகச் செய்யாத தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டார் என்று ஸ்டேஷனில் பேச்சாகி, அங்கிருந்து டீக்கடைக்கு வந்து, டீக்கடையிலிருந்து ஊருக்குப் போய்விட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அதுவும் ஊர் புகழ ஆரம்பித்தால் யாராலும் மூட முடியாது.

வழக்கு ரத்தாயிற்று. பையனுடைய காகிதம் சுத்தமாகப் போயிற்று. கொளஞ்சிக்கு சஸ்பென்ஷன் உத்தரவு வந்தது. அதை வாங்கும்போது அவருக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. செய்ததற்குக் கிடைத்தது என்று தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போனார். வாசலில் ஜெயசித்ரா கண் கலங்கி நின்றாள். இவ்வளவு பெரிய மனசை வைத்துக்கொண்டு தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றாள்.

“நெசமாவே நான்தான் செஞ்சேன், சித்ரா” என்றார்.

“எங்கிட்டயுமா?” என்றாள் அவள், பெருமையாக.

அதன்பிறகு தெருவில் நடப்பதே பெரும் பாடாயிற்று. மளிகைக் கடையில் அவருக்கு முதலில் பொட்டலம் கட்டினார்கள். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். முன்பு அவரைக் கண்டால் ஒதுங்கிய அரிசி மில்காரர் வண்டியை நிறுத்திக் கும்பிட்டார். திட்டு வாங்கினால் துடைத்துக்கொண்டு போகலாம். கும்பிடை எங்கே கொண்டுபோய் வைப்பது? உண்மையைச் சொன்னால் ஜெயப்பிரகாஷ் மாட்டிக்கொள்வான். பாதி சொன்னால், எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்றார்கள். எட்டு மணிக்கு மேல்தான் வெளியே போவது என்று வைத்துக்கொண்டார். கண்ணாடி பார்த்துச் சவரம் செய்வதை விட்டார்.

பையனுக்கு வேலை உத்தரவு வந்த அன்று கலியம்மாள் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அய்யம்பெருமாள் ஒரு சால்வையோடு கூடவே வந்தார். அவருக்கு எதற்கும் சால்வைதான். தெருவே வாசலில் கூடிவிட்டது. கொளஞ்சி உள்ளே போகப் பார்த்தார். ஜெயசித்ரா கையைப் பிடித்து நிறுத்தினாள். சால்வை தோளில் விழுந்தது. அந்த வெயிலில் அது சுட்டது.

“அம்மா, நான் சொல்றதைக் கேளுங்க. யாரு பழியையும் நான் ஏத்துக்கல. நான்தான் உங்க மவன் பேரைப் போட வெச்சேன். உங்க கிட்ட மன்னிப்புதான் கேக்கணும்” என்றார் கொளஞ்சி. கூட்டம் இளகிப் போய் ஒரு பெருமூச்சு விட்டது.

கலியம்மாள் பதறி, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அருகில் வந்தாள். “சரிங்க, நீங்கதாங்க செஞ்சீங்க. யார் கேட்டாலும் இப்படியே சொல்லுங்க. மாத்திச் சொன்னா மறுபடி இவனுக்கு வம்பு” என்றாள் அடிக்குரலில். அவள் கண்ணில் அவருக்காக ஒரு தந்திரமான அன்பு இருந்தது. பிறகு மகனைப் பார்த்து, காலில் விழச் சொன்னாள்.

தமிழழகன் அசையாமல் நின்றான். ஆசீர்வாதம் வாங்கிக்கடா என்று யாரோ தள்ளினார்கள். அவன் வந்து குனிந்தான். கொளஞ்சி இரண்டடி பின்னே போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு, வேண்டாம் தம்பி, வேண்டாம் என்றார். அவன் கை அவர் காலைத் தொடவில்லை. ஒரு விரல்கடை தள்ளித் தரையில் ஊன்றியிருந்தது.

“எங்கம்மா நம்பிக்கிட்டு இருக்கு சார். அதைக் கெடுத்துடாதீங்க” என்றான், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

அவன் எழுந்திருக்கவில்லை. அம்மா பார்த்துக்கொண்டிருந்ததால் காத்திருந்தான். தெருவும் காத்திருந்தது. கொளஞ்சி கையை நீட்டி அந்தப் பையனின் தலையில் வைத்தார்.